அஞ்சறைப் பெட்டி அணித் தலைவரின் கடைவாய்ப் பல்

ஜனவரி 2, வெள்ளி

நாளை காலை பத்து மணிக்கு என் வலது கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குகிறார்கள். ஞானப்பல் என்கிறார்கள். நாற்பத்தேழு வயதில், படுத்தவாக்கில் முளைத்து முன்னால் இருக்கும் பல்லை முட்டிக்கொண்டிருக்கிறதாம். எக்ஸ்ரேயைப் பார்த்தேன். பந்தியில் இடமில்லாமல் பக்கத்து இலைக்காரரை இடித்துக்கொண்டு உட்கார்ந்த ஆள் மாதிரி இருந்தது. எனக்கு வாய்க்கும் ஞானம் இப்படித்தான் இருக்கும்.

"மூணு நாளைக்குப் பேச்சைக் குறைச்சுக்கணும் சார்" என்றார் பல் டாக்டர் நஸ்ரின். சின்ன வயது. கிளினிக் திறந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

"எவ்வளவு குறைக்கணும் டாக்டர்? ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்னா போதுமா?" என்று கேட்டாள் என் மனைவி மங்கையர்க்கரசி. டாக்டர் சிரித்தார். எனக்கு வலி, சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உரக்கடைக்காரர் கொடுத்த இந்த டயரியை அரசி மேசையில் வைத்தாள். "பேசாம இருந்தா வெடிச்சுருவீங்க. இதுல எழுதுங்க" என்றாள்.

டயரியை யாரும் படிக்கப்போவதில்லை. ஆனாலும் அறிமுகம் இல்லாமல் எனக்குத் தொடங்க வராது. நான் தணிகாசலம், திண்டுக்கல்லில் ஓர் உதவி பெறும் பள்ளியில் தமிழாசிரியர். மேடையில் 'சொல்லருவி' தணிகாசலம், பட்டிமன்றப் பேச்சாளர். பட்டம் தந்தது பழனி ரோட்டில் ஒரு மரக்கடைத் திறப்பு விழா. அரசிக்கு மின்வாரியத்தில் புகார்ப் பிரிவு. கரண்ட் போனால் ஊர் அவளைத்தான் திட்டும். அவளும் பேச்சாளர். பதினெட்டு வருடமாக ஒரே மேடையில் எதிரெதிர் அணி. புருஷனும் பெண்டாட்டியும் மோதிக்கொண்டால் ஜனங்களுக்குப் பிடிக்கிறது.

பதினேழாம் தேதி காணும் பொங்கல். வத்தலக்குண்டு வர்த்தகர் சங்க விழாவில் பட்டிமன்றம். 'நோய் தீர்க்கப் பெரிதும் கைகொடுப்பது அஞ்சறைப் பெட்டியா, ஆஸ்பத்திரியா?' நான் அஞ்சறைப் பெட்டி அணித் தலைவர். அரசி ஆஸ்பத்திரி அணி. நடுவர் பேராசிரியர் அருளப்பன் ஐயா நேற்றே போனில், "பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க தணிகை. முடியலைன்னா முன்கூட்டியே சொல்லிருங்க, ஆண்டிப்பட்டிலேருந்து ஒருத்தர் தயாரா இருக்காரு" என்றார். அந்த ஆண்டிப்பட்டிக்காரரை எனக்குத் தெரியும். முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்பார்.

ஜனவரி 3, சனி

பிடுங்கியாயிற்று. நாற்பது நிமிடம். பல்லை மூன்று துண்டாக்கி எடுத்தார். வலிக்கவில்லை, ஆனால் சத்தம் கேட்டது. என் மண்டைக்குள் யாரோ தேங்காய் உடைத்தார்கள்.

டாக்டர் அரசியிடம்தான் எல்லாம் சொன்னார். கொப்பளிக்கக் கூடாது, துப்பக் கூடாது, எதையும் உறிஞ்சக் கூடாது. பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து மூடி மாதிரி நிற்கும். அது நகர்ந்துவிட்டால் எலும்பு திறந்து கிடக்கும். நாளை மறுநாளிலிருந்து உப்புத் தண்ணீரை வாயில் மெதுவாக ஏந்தி, தானாக வழிய விட வேண்டும்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், உங்க எண்ணெய்ப் பேச்சை எங்கம்மா மொபைல்ல வச்சிருக்காங்க. தெனமும் கேப்பாங்க. அதுல சொல்வீங்களே நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு, அது மட்டும் ஒரு ரெண்டு வாரத்துக்கு வேண்டாம். நல்லா ஆறினப்புறம் உங்க இஷ்டம்."

வாயில் பஞ்சு இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன். பொதுவாகவே நான் தலையாட்டினால் ஒப்புக்கொண்டேன் என்று பொருள் இல்லை. பள்ளியில் தலைமையாசிரியருக்கு அது தெரியும்.

ஜனவரி 4, ஞாயிறு

அரசிக்கு இன்று டியூட்டி. எட்டு மணிக்குக் கிளம்பிவிட்டாள். வீட்டில் நானும் நல்லெண்ணெய்ப் பாட்டிலும்தான்.

இங்கே என் வேடசந்தூர்த் தாய்மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லா மேடையிலும் என் பேச்சில் அவர் வந்திருக்கிறார். தினமும் விடிந்ததும் ஒரு கரண்டி செக்கு நல்லெண்ணெயை வாயில் ஊற்றி, இருபது நிமிடம் கொப்பளித்துத் துப்புவார். எண்பத்தெட்டு வயதில் கரும்பைக் கணுவோடு கடித்தார். அவர் போனபின் சாம்பல் அள்ளப் போனோம்: "எலும்பெல்லாம் பொடிஞ்சு கெடக்கு நடுவர் அவர்களே! ஆனா பல்லு? முப்பத்திரண்டும் முத்துமுத்தா கெடந்துச்சு!" இந்த இடத்தில் கைதட்டல் அடங்க அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தில் தண்ணீர் குடிப்பேன்.

ஒரு கதையைப் பதினெட்டு வருடம் சொன்னால் கேட்கிறவர்கள் நம்புகிறார்களோ இல்லையோ, சொல்கிறவன் நம்பிவிடுவான். வாயில் லேசாக நாற்றம் வேறு. மாமாவுக்கு முப்பத்திரண்டையும் காத்த எண்ணெய் எனக்கு ஒரு குழியை ஆற்றாதா? ஒரு கரண்டி ஊற்றினேன். டாக்டரை மதிக்கிறவன் என்பதால் இருபது நிமிடம் கொப்பளிக்கவில்லை. பதினைந்துதான்.

துப்பியபோது கறுப்பாகச் சின்னதாக ஏதோ போயிற்று. அழுக்கு வெளியேறுகிறது என்று மகிழ்ந்தேன். வாஷ்பேசினைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன்.

ஜனவரி 5, திங்கள்

பள்ளிக்கு மருத்துவ விடுப்பு. பழைய நாள்காட்டித் தாள்களின் பின்பக்கம் எழுதி அரசியிடம் நீட்டுகிறேன். அவள் அதை மேடைக் குரலில் வாசிக்கிறாள். "ரசம் சாதத்தில் உப்புக் குறைவு! நடுவர் அவர்களே, இந்த அநியாயத்தைக் கேட்பாரில்லையா?"

சாப்பிடும்போது அவள் அலுவலகத்துக் கதை ஒன்று சொன்னாள். கோவிந்தாபுரத்திலிருந்து ஒரு பெரியவர் தினமும் காலையில் புகார் எண்ணுக்குக் கூப்பிடுவாராம். "கரண்ட் இருக்கும்மா" என்பாராம். அவ்வளவுதான். எதற்கு ஐயா கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, "எல்லாரும் இல்லேன்னுதானம்மா கூப்புடுறாங்க. இருக்குன்னு ஒருத்தராச்சும் சொல்ல வேணாமா?" என்றாராம்.

சிரித்ததில் தையல் இழுத்தது. 'இதை ஏன் என்னிடம் இதுவரை சொல்லவில்லை?' என்று எழுதி நீட்டினேன்.

"போன வருஷமே சொல்ல ஆரம்பிச்சேன். நீங்க நடுவுல புகுந்து வேற ஒண்ணு சொன்னீங்க. அது இதைவிட நல்லாருந்துச்சு" என்றாள். எழுந்து தட்டைக் கழுவப் போனாள்.

வழக்கமாக இந்த நேரத்துக்கு நான் எங்கள் இருவர் பேச்சையும் எழுதி முடித்திருப்பேன். ஆமாம், அரசியின் பேச்சையும் நான்தான் எழுதுகிறேன். அவளுக்கு அலுவலக வேலை, வீட்டு வேலை, நேரமில்லை. தொழில் ரகசியம் ஒன்று உண்டு, இந்தத் தாளோடு இருக்கட்டும். அவள் பேச்சில் ஓர் ஓட்டை வைப்பேன். கேட்கும்போது வலுவாக இருக்கும், அடுத்து நான் எழுந்து ஒரு விரலை விட்டால் மொத்தமும் சரியும். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. நாடகத்தில் வில்லன் தோற்க வேண்டாமா?

இந்தத் தடவை, "நீங்க ஓய்வெடுங்க, என்னோடதை நானே எழுதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள்.

ஜனவரி 6, செவ்வாய்

காது வலிக்கிறது. பிடுங்கியது பல்லைத்தானே?

ஜனவரி 7, புதன்

நேற்று இரவெல்லாம் யாரோ தாடையில் ஆணி வைத்து, நிதானமாக, எண்ணி எண்ணி அடித்தார்கள். அஞ்சறைப் பெட்டி அணித் தலைவர் என்ற முறையில் காலையிலேயே களத்தில் இறங்கினேன்.

முதலில் கிராம்பு எண்ணெய். பஞ்சில் நாலு சொட்டு விட்டுக் குழியில் அழுத்தினேன். கண்ணில் தண்ணீர் வந்தது, மூக்கில் வந்தது. ஈறு வெள்ளை வெள்ளையாக வெந்துவிட்டது. 'சுத்தமானது, அப்படியே தடவாதீர்கள்' என்று பாட்டிலில் எறும்பளவு எழுத்தில் போட்டிருப்பதைப் பிறகு கண்ணாடி போட்டுப் படித்தேன். அடுத்து வெளியே கன்னத்தில் விளக்கெண்ணெய்ப் பற்று. அது கழுத்து வழியாகப் பனியனுக்குள் இறங்கியது. கடைசியாக வேப்பெண்ணெய். வேம்பு பல்லுக்கு உறுதி என்று நானே எத்தனையோ மேடையில் முழங்கியிருக்கிறேன். அந்த மேடைகளில் யாரும் எனக்கு வேப்பெண்ணெய் தரவில்லை.

பதினொரு மணிக்கு அருளப்பன் ஐயா எங்கள் விழாக்குழு வாட்ஸப்பில் 'தணிகை எப்படி இருக்கீங்க? நிகழ்ச்சி உறுதிதானே?' என்று கேட்டார். அடுத்த நிமிடமே ஆண்டிப்பட்டிக்காரர் கும்பிடும் கை ஒன்று போட்டார். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. தட்டினேன்:

'உறுதி ஐயா. புது டாக்டரம்மா நஸ்ரின், அனுபவம் போதாது. எலும்பைக் கிளறிவிட்டுவிட்டார். இப்போது எண்ணெய் வைத்தியத்தில்தான் தேறி வருகிறேன். பதினேழாம் தேதி மேடையில் முழுக் கதையும் சொல்கிறேன்.'

சங்கச் செயலாளர் உடனே, 'அந்தக் கிளினிக்கா? எங்கம்மாவையும் அங்கதான் கூட்டிப் போறதா இருந்தோம். நல்லவேளை சொன்னீங்க' என்று போட்டார். இருபத்திரண்டு பேர் கட்டை விரலைத் தூக்கினார்கள்.

அந்தக் குழுவில் அரசியும் இருக்கிறாள். அவள் எதையும் தூக்கவில்லை. வேலையில் பார்த்திருக்க மாட்டாள்.

ஜனவரி 8, வியாழன்

அரசி அரை நாள் விடுப்புப் போட்டுக் கிளினிக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் விளக்கைப் போட்டுப் பார்த்தார். "குழி காலியா இருக்கு சார். மூடி போயிருச்சு. கொப்பளிச்சீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"எண்ணெய் ஏதாச்சும்?"

இல்லை. அரசி சுவரில் மாட்டியிருந்த பல் படத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். அதில் ஆறு வார்த்தைதான் இருந்தது.

"சில பேருக்குத் தானாவும் போகும்" என்றார் டாக்டர். என்னைப் பார்க்காமல் சொன்னார். குழியைக் கழுவி, நாடா மாதிரி ஒரு துணியை மருந்தில் நனைத்து உள்ளே வைத்தார். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, ஆணி அடிப்பது நின்றுவிட்டது. அழுகை வந்தது. மருந்தின் வாசனை எனக்குத் தெரிந்த வாசனையாக இருந்தது.

"என்ன மருந்து?" என்று எழுதிக் கேட்டேன்.

"கிராம்பு எண்ணெய்ச் சத்துதான் சார். அளவா கலந்தது."

வலி போன வேகத்தில் தாளைப் பிடுங்கி, 'அப்படியானால் ஜெயித்தது அஞ்சறைப் பெட்டி!' என்று எழுதி நீட்டினேன்.

டாக்டர் படித்துவிட்டுச் சிரித்தார். "கிராம்பு ஜெயிச்சிருச்சு சார். நீங்கதான் தோத்துட்டீங்க."

ஜனவரி 9, வெள்ளி

பேச்சை எழுதத் தொடங்கிவிட்டேன். இனி மாமா கதைக்கு முன்னால் என் சொந்தக் கதை. பாமரன் ஒருவன் படித்தவர்களை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போனான். எலும்பு வரை கிளறினார்கள். கடைசியில் அவனைக் காத்தது எது? கிராம்பு! இதில் எந்த வரி பொய்? கிராம்புதான் காத்தது, டாக்டரே சொல்லியிருக்கிறார். எலும்பு திறந்ததும் உண்மை. யார் திறந்தது என்று விவரமாகச் சொல்லப் பத்து நிமிடத்தில் நேரம் இருக்காது.

அரசி தோசைக்கு எண்ணெய் ஊற்றும்போது பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "நல்லெண்ணெய் சீக்கிரம் தீந்துருச்சு" என்றாள். எண்ணெய் என்றால் தீரத்தான் செய்யும்.

ஜனவரி 12, திங்கள்

துணி மாற்ற இரண்டாவது தடவையாகக் கிளினிக். பெயர் பதியும் மேசையில் இருக்கும் பெண், "வத்தலக்குண்டுலேருந்து ஆறு பேரு வர்றதா இருந்தாங்க டாக்டர். எல்லாரும் வேணாம்னுட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர், "சரி, விடும்மா" என்றார். வெளி நாற்காலிகளில் நானும் அரசியும் மட்டும்தான். கூட்டம் இல்லாததால் சீக்கிரம் முடிந்தது. நல்லதுதான்.

டாக்டரின் அம்மா மாடியிலிருந்து எனக்காகக் கஞ்சி கொண்டுவந்தார். "பல்லு புடுங்குனவங்களுக்கு இதமா இருக்கும். பதினேழாம் தேதி நான் வர்றேன் தம்பி, மக கூட்டிட்டுப் போறேன்னுருக்கா. உங்க மாமா கதைய நேர்ல கேக்கணும்."

கஞ்சி நன்றாக இருந்தது. இறங்கத்தான் இல்லை. தொண்டையில் ஏதோ புண் போல.

ஜனவரி 13, செவ்வாய்

இந்த டயரியின் ரிப்பனை நான் நேற்றைய பக்கத்தில் வைத்திருந்தேன். இன்று நாலாம் தேதியில் கிடக்கிறது. மின்விசிறிக் காற்றாக இருக்கும்.

நான் செய்தது நாகரிகமில்லை என்று முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். அரசி குளிக்கும்போது அவள் கைப்பையைத் திறந்து பார்த்தேன். பேச்சு என்று நாலு பக்கம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒரே ஒரு தாள். அதில் இரண்டே வரி.

'கோவிந்தாபுரம் பெரியவர்.

மாமா பல்செட்.'

மெதுவாக மடித்து உள்ளே வைத்தேன்.

இனி மறைத்து என்ன? வேடசந்தூர் மாமாவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் எல்லாப் பல்லும் போய்விட்டது. எண்ணெய் கொப்பளித்தது உண்மை. கழற்றி வைத்துவிட்டுக் கொப்பளிப்பார். கரும்பை அத்தை துண்டு போட்டு, சாறு பிழிந்து கொடுப்பார். எங்கள் கல்யாணமான புதிதில் விருந்துக்குப் போனபோது, கிணற்றடியில் கழுவிய அந்தப் பல்செட்டைத் துணியில் துடைத்து எடுத்துவந்து கொடுத்தவளே அரசிதான். பதினெட்டு வருடமாக எதிர் அணியில் உட்கார்ந்து, சாம்பலில் முப்பத்திரண்டு முத்து கிடந்த கதையைக் கேட்டுக் கைதட்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இப்போது எழுதி வைத்திருக்கிறாள்.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

வாசலில் இரண்டு கரும்பு சார்த்தியிருக்கிறது. மாமா என்றால் கடித்திருப்பார்! இரண்டு கரண்டி பொங்கலைக் குழைத்து விழுங்கினேன். வலி இல்லை. பேச்சும் வந்துவிட்டது. ஆனால் வீட்டில் பேசவில்லை. பேசினால் எங்கே போய் நிற்கும் என்று பயமாக இருக்கிறது.

அவள் மேடையில் பல்செட்டை எடுத்தால் நான் தீர்ந்தேன். ஊர் ஊராகச் சிரிப்பார்கள். ஆண்டிப்பட்டிக்காரர் அடுத்த ஆண்டு என் நாற்காலியில் உட்கார்வார். 'எதற்கும் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா?' என்று தாளில் எழுதிப் பார்த்தேன். கிழித்துப் போட்டேன். சொல்லருவி வற்றிப்போனதாக ஊரே பேசும். ஆனது ஆகட்டும், போகிறேன். என் பேச்சும் தயாராக இருக்கிறது. கேட்டால் கல்லும் கரையும்.

ஜனவரி 18, ஞாயிறு

காலைக் காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நேற்று நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டு மாதத்தில் இதையும் மேடைக்கு ஏற்ற மாதிரி மாற்றிவிடுவேன்.

மாலை ஆறு மணிக்குத் தொடங்கியது. நல்ல கூட்டம். மேடையேறியதும் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். டாக்டரின் அம்மா மொபைலைத் தூக்கிப் பிடித்திருந்தார். பக்கத்தில் டாக்டர். அவர்களுக்கு ஒரு வரிசை முன்னால் சங்கச் செயலாளர், தாயாரோடு. என் சட்டைப் பையில் நாலு பக்கம், 'எலும்பு வரை கிளறினார்கள்' என்ற வரியோடு.

எனக்கு முன்னால் அரசியின் முறை. கையில் தாள் இல்லை.

"எங்க புகார்ப் பிரிவுக்கு எல்லாரும் கரண்ட் இல்லேன்னு சொல்லத்தான் கூப்பிடுவாங்க நடுவர் அவர்களே. ஒரே ஒரு பெரியவர் மட்டும், 'இருக்கும்மா'ன்னு சொல்றதுக்குக் கூப்பிடுவாரு." கோவிந்தாபுரத்தாரை முழுதாகச் சொன்னாள். யாரும் குறுக்கே புகவில்லை. கூட்டம் சிரித்து ஓய்ந்ததும் குரலை இறக்கினாள். "டாக்டருங்க விஷயத்துலயும் நாம அப்படித்தான். ஒண்ணு கெட்டுப்போச்சுன்னா ஊருக்கே சொல்றோம். குரூப்புல போடுறோம். நல்லா ஆச்சுன்னா யாருக்குச் சொல்றோம்? 'நல்லாருக்கேம்மா'ன்னு ஒரு டாக்டருக்கு யாராச்சும் போன் பண்ணிருக்கோமா?"

கைதட்டல். பதினெட்டு வருடத்தில் நான் எழுதிக்கொடுத்து அவள் வாங்காத கைதட்டல்.

அடுத்தது பல்செட்தான் என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். கடைவாயில் பழைய இடத்தில் சுருக்கென்றது.

அவள் என் பக்கம் திரும்பினாள். "என் வீட்டுக்காரருக்குப் பல்லு புடுங்கி இன்னியோட பதினாலு நாளு. எப்படிக் கெட்டுச்சு, எதுல ஆறுச்சு, எல்லாம் அவருக்குத்தான் தெரியும். எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்தீங்க நடுவர் அவர்களே. நாலுதான் பேசிருக்கேன். மிச்சம் ஆறையும் அவருக்கே கொடுக்குறேன்."

உட்கார்ந்துவிட்டாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

அருளப்பன் ஐயா என்னைப் பார்த்தார். கூட்டம் என்னைப் பார்த்தது. ஒலிபெருக்கி முன் வந்து நின்றேன். பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்தது: "வேடசந்தூர்ல எனக்கு ஒரு தாய்மாமா…" மூன்றாவது வரிசையில் அந்த அம்மா இப்போதே கைதட்டத் தொடங்கிவிட்டார். பக்கத்தில் அவர் மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து என்ன வரப்போகிறது என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியும் போலிருந்தது. அரசியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. புகார்ப் பிரிவில் போனை எடுத்துவிட்டு, எதிர்முனை பேசக் காத்திருக்கும் முகம்.

"அவருக்குப் பல்செட்" என்றேன்.

கூட்டம் அமைதியாகிவிட்டது. இவ்வளவு பெரிய அமைதியை நான் மேடையில் கேட்டதே இல்லை. பிறகு எங்கோ பின்னாலிருந்து ஒரே ஒரு சிரிப்பு. அதைத் தொத்திக்கொண்டு மொத்தக் கூட்டமும்.

அதன்பின் நிறுத்த முடியவில்லை. பையிலிருந்த நாலு பக்கத்தைத் தொடவே இல்லை. இரண்டாம் நாள் நல்லெண்ணெய், பதினைந்து நிமிடக் கொப்பளிப்பு, அழுக்கு என்று நினைத்துத் துப்பிய மூடி, வெந்த ஈறு, பனியனுக்குள் இறங்கிய விளக்கெண்ணெய், எல்லாம் சொன்னேன். வாஷ்பேசினைச் சோப்புப் போட்டுக் கழுவியதைச் சொன்னபோது சங்கச் செயலாளரின் தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எண்ணெய் மேல தப்பில்லைங்க, அது ஆறின வாய்க்கு; ஆறாத புண்ணுல ஊத்திட்டு மாமாவைக் கூப்பிட்டவன் நான், என்றேன்.

சிரிப்பு அடங்கியதும் சொன்னேன். "டாக்டர் சொன்னதெல்லாம் சரி. செஞ்சதெல்லாம் சரி. கொப்பளிச்சீங்களான்னு கேட்டாங்க, இல்லைன்னு பொய் சொன்னேன். அவங்க எலும்பைக் கிளறுனதா நம்ம குரூப்புல எழுதுனேன். அதுவும் பொய். என் நாற்காலி போயிருமோன்னு பயந்து எழுதுனது. மன்னிச்சிருங்க டாக்டர்." குரல் உடைந்தது. பல் போனதால் இல்லை.

மணி அடித்தார்கள். எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை அடித்தார்கள்.

அருளப்பன் ஐயா தீர்ப்பு சொல்லும்போது, "கிராம்பு வீட்டுலயும் இருக்கு, ஆஸ்பத்திரியிலயும் இருக்கு. எவ்வளவு, எப்போங்கிறதுதான் வைத்தியம். இன்னிக்கு ஜெயிச்சது ஆஸ்பத்திரி. அஞ்சறைப் பெட்டி அணித் தலைவரே ஓட்டுப் போட்டுட்டாரு, நான் என்ன செய்யட்டும்?" என்றார். தோற்றதற்கு இப்படி ஒரு கைதட்டல் வாங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இறங்கி வந்ததும் டாக்டரின் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "அப்போ அந்த முத்து?" என்று கேட்டார், கொஞ்சம் வருத்தமாக. மாமா கதையை உண்மையாகவே நேசித்தவர் அவர் ஒருவர்தான். அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். டாக்டர், "செவ்வாய்க்கெழமை தையலைப் பாக்கணும் சார், மறக்காம வாங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். செயலாளர் பக்கத்தில் நின்று அவரிடம் கிளினிக் நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் அரசியிடம் கேட்டேன். "மாமா பல்செட்னு எழுதி வச்சிருந்தியே. ஏன் நீ சொல்லலை?"

"என் பையைத் தொறந்தீங்களா?"

"நீ என் டயரியைத் தொறந்தியே."

ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அவரு உங்க மாமா. நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

"அந்த ஆறு நிமிஷம்… நான் எழுதி வந்ததையே படிச்சிருந்தா?"

"படிச்சிருந்தா படிச்சிருப்பீங்க. பதினெட்டு வருஷமா என் பேச்சுல நீங்க ஓட்டை வைக்கிறீங்க. நான் ஒருதடவைதான் வச்சேன்."

எவ்வளவு நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. முதல் மேடையிலேயே தெரிந்திருக்கும். எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

ஜனவரி 24, சனி

குழி நன்றாக ஆறி வருகிறதாம். "இன்னும் ஒரு வாரம் போகட்டும். அப்புறம் நல்லெண்ணெய் கொப்பளிக்கலாம் சார்" என்றார் டாக்டர். "கொப்பளிச்சுட்டு அதைப் பத்தி மேடையில மட்டும் பேசாதீங்க." வெளியே உட்கார நாற்காலி கிடைக்கவில்லை, ஐம்பது நிமிடம் நின்றேன். முணுமுணுக்க எனக்கு உரிமை இல்லை.

திரும்பி வந்ததும் கிளினிக்குப் போன் போட்டேன். "நல்லாருக்கேம்மா. சும்மா சொல்லலாம்னு கூப்பிட்டேன்" என்றேன். மேசைப் பெண் போனைப் பொத்தாமலே, "டாக்டர், சார் நல்லாருக்காராம்!" என்று உள்ளே கத்துவது கேட்டது.

சிவராத்திரிக்கு ஒட்டன்சத்திரம். என் நாற்காலி போகவில்லை. ஆண்டிப்பட்டிக்காரர் என் அணியிலேயே இருக்கிறார். நேரில் நல்ல மனிதர். 'இல்லறம் இனிக்கப் பெரிதும் தேவை பேச்சா, மௌனமா?' நான் பேச்சு அணி. இதில் யாருக்கும் ஐயம் வரவில்லை. அரசி மௌனம்.

"இந்தத் தடவை ரெண்டு பேருக்கும் நான் எழுதுறேன்" என்றாள் அரசி. சாயங்காலம் என் பங்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு மாவு அரைக்கப் போனாள். நாலு பக்கம், புகார்ப் பதிவேட்டுக் கையெழுத்து. படித்தேன். நல்ல பேச்சு. நான் எழுதுவதைவிட நல்ல பேச்சு.

மூன்றாம் பக்கத்தில் ஓட்டை இருக்கிறது. கேட்கிறவர்களுக்குத் தெரியாது, தொழில்காரன் எனக்குத் தெரிகிறது. ஒரு வரி சேர்த்தால் அடைத்துவிடலாம். பேனாவைத் திறந்து அந்த வரியை மனதுக்குள் எழுதியும் பார்த்துவிட்டேன்.

பேனாவை மூடிவிட்டேன். அந்த இடத்தில் அவள் எழுந்து என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குக் கேட்க வேண்டும்.